தொண்ணூற்றிரண்டு ஸ்லைடும் ஒரு கட்டைவிரலும்

தென்னை மறுநடவு இயக்ககத்தின் வரலாற்றை என்றாவது யாராவது எழுதத் துணிந்தால், 2014 டிசம்பர் பதினொன்றாம் தேதிக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கும்படி இப்போதே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அன்று காலை பதினொன்றரை மணிக்கு, போர்ட் பிளேர் தலைமை அலுவலகத்தின் மாநாட்டு அறையில், எட்டு ஆண்டுகளாக ஒரே மனிதர் காட்டிவந்த ஸ்லைடுகளை முதன்முறையாக இன்னொருவர் காட்டினார். அதுவும் லேப்டாப் இல்லாமல். வெறும் கைபேசியிலிருந்து.

அந்த ஒரே மனிதர், சூப்பிரண்டு திருநாவுக்கரசு, அந்த நேரத்தில் நடுக்கடலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் மச்சினன் மகள் கல்யாணம். முடித்துவிட்டுக் கப்பல் ஏறி, மூன்று நாள் ஆடி, போர்ட் பிளேரின் ஹேடோ ஜெட்டியில் இறங்கி, திங்கட்கிழமை அலுவலகப் படி ஏறியவரை டைப்பிஸ்ட் புஷ்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க மிஸ் பண்ணிட்டீங்க!"

"எதை?"

"நம்ம கிளார்க் சிவபிரகாஷ் பிரசன்டேஷனை! டெல்லிக் கமிட்டி திடீர்னு வந்துடுச்சு. நீங்க இல்ல. அவர் போனை எடுத்தார் பாருங்க, அரே பாப்ரே! காலையில ரிகர்சல் பார்த்தேன் சார். கட்டைவிரலால சும்மா இப்படித் தள்றார். அங்க திரையில படம் மாறுது. ஒயர் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"ரிகர்சல்ல எல்லாம் மாறும்மா. கமிட்டி முன்னாடி என்ன ஆச்சு?"

"நான் டீத்தட்டோட வெளியில நின்னேன் சார். உள்ள கைதட்டு பாருங்க, கதவே அதிருது. சேர்மன் சாப் எழுந்து நின்னு தட்டினாராம்!"

திருநாவுக்கரசு தன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

எழுந்து நின்று.

எட்டு வருடத்தில் அவர் பிரசன்டேஷனின்போது எழுந்து நின்றவர்கள் எல்லோரும் பாத்ரூம் எங்கே என்று கேட்டவர்கள்தான்.

சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவுகளுக்கு ஆய்வுக்குழுக்கள் வரத் தொடங்கின. கடல் வடிந்தது, குழுக்கள் வடியவில்லை. வருடா வருடம், மழை ஓய்ந்து கடல் கண்ணாடிபோல் ஆனதும், டெல்லியில் யாருக்காவது தென்னையைப் பற்றிக் கவலை வந்துவிடும். வருவார்கள். காலையில் போர்ட் பிளேரில் தென்னை. மதியம் இரண்டு மணி போட்டில் ஹேவ்லாக் தீவுக்குப் போய்க் கடற்கரை. இந்த இரண்டுக்கும் நடுவே அவர்கள் கடக்க வேண்டிய ஒரே நீர்ப்பரப்பு திருநாவுக்கரசுதான்.

2006-இல் அவரே உட்கார்ந்து செய்த ஸ்லைடுகள். மொத்தம் தொண்ணூற்றிரண்டு. முதல் ஸ்லைடில் 'நல்வரவு', கடைசியில் செம்பருத்திப் பூவோடு 'நன்றி', நடுவே ஒரே தென்னங்கன்று தொண்ணூறு கோணங்களில். கன்று இதற்குள் மரமாகி, காய்த்து, அதில் ஒருவர் ஏறி விழுந்தும் ஆயிற்று. ஸ்லைடில் மட்டும் இன்னும் 'நடப்பட உள்ளது' என்றே இருந்தது. அவர் ஒரு வரி மாற்றியதில்லை. ஆறு டைரக்டர்கள் மாறினார்கள், ஸ்லைடு மாறவில்லை.

அவர் நேராகப் போய்ப் பார்வையாளர் பதிவேட்டை எடுத்தார். சேர்மன் தன் கைப்பட எழுதியிருந்தார்: 'நாடு முழுவதும் எத்தனையோ பிரசன்டேஷன்களைப் பார்த்திருக்கிறோம். இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. எல்லா மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும்!!!'

மூன்று ஆச்சரியக்குறி. திருநாவுக்கரசு பக்கங்களைப் பின்னால் புரட்டினார். தன் காலத்துக் குறிப்புகள்: 'பார்த்தோம்.' 'பார்த்தோம்.' 'பார்த்தோம், டீ நன்றாக இருந்தது.'

கூட்ட நடவடிக்கைக் குறிப்பையும் படித்தார். 'கைபேசி வாயிலாக வழங்கப்பட்ட விளக்கக்காட்சியைக் குழுவினர் ஒருமனதாகவும் உளமாரவும் பாராட்டினர்.' ஒருமனதாகவும் சரி. உளமாரவும் எதற்கு?

அன்று டெய்ரி ஃபார்ம் பகுதிக் குவார்ட்டர்ஸில் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி ருக்கு சொன்னாள், "பத்துபஸ்தி கடைத்தெருவுல அந்த சிவபிரகாஷோட அம்மாவைப் பார்த்தேங்க. மகனைப் பத்தி ஒரு வார்த்தை பெருமையாப் பேசல."

"அதுதாண்டி பெருமை. பேசாம இருக்கறது."

"உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

"எனக்கென்ன எரியுது? ரசம் காரம்."

"ரசமே இன்னும் ஊத்தலையே."

வயிறு எரிய நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொரு குடியரசு தினத்தன்றும் அலுவலகத்துக்கு ஒருவர் என்று பாராட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். மேடை ஏறி, பெரியவர்கள் கையால் வாங்கி, போட்டோ எடுத்து, சட்டம் போட்டு மாட்டலாம். எட்டு வருடமாக அந்தந்த டைரக்டர், "அடுத்த வருஷம் நீங்கதான்" என்று சொல்லிவிட்டு மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போய்விடுவார். அடுத்த நவம்பரில் திருநாவுக்கரசுக்கு ஓய்வு. இனி வரப்போவது ஒரே ஒரு குடியரசு தினம்.

மறுநாள் டைரக்டர் கிருஷ்ணமூர்த்தி இருவரையும் கூப்பிட்டார். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஜனவரி ஒன்பது அடுத்த கமிட்டி. ஏழு பேர். போன தடவை மாதிரி போன்லயே வெச்சுக்கலாம். சிவபிரகாஷ், நீங்களே…"

"நான் பண்றேன் சார்," என்றார் திருநாவுக்கரசு.

"நீங்களா? போன்லயா?"

"போன்லதான் சார்."

டைரக்டரின் பார்வை திருநாவுக்கரசின் சட்டைப் பையில் விழுந்தது. அங்கே ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு பட்டன் போன் தூங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவங்களுக்கு ரெண்டு மணிக்கு போட். போன தடவை எப்படி முடிஞ்சுதோ அப்படி முடியணும்."

"அதைவிட நல்லா முடியும் சார்."

"அதைவிட நல்லாவா?" டைரக்டர் யோசித்தார். "சரி. சர்டிபிகேட்டுக்குப் பேர் பன்னிரண்டாம் தேதி அனுப்பணும். கமிட்டி போகட்டும், எழுதிக்கலாம்."

வராந்தாவில் சிவபிரகாஷ் பின்னாலேயே ஓடிவந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன்; பணிவு வேறு. அதுதான் திருநாவுக்கரசுக்குத் தாங்கவில்லை. திமிராக இருந்தாலாவது வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

"சார், நீங்க பண்றதுதான் சரி. ஆனா அன்னைக்கு உள்ள என்ன ஆச்சுன்னா…"

"மினிட்ஸ் படிச்சேன்."

"மினிட்ஸ்ல அது இருக்காது சார். உண்மையில…"

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் இந்தத் தீவுல டைப் அடிச்சவன். எனக்குப் பாடம் எடுக்காதே. பஸ், போதும்!"

சிவபிரகாஷ் தலையாட்டிவிட்டுத் தன் மேஜைக்குப் போனான்.

அபர்தீன் பஜாரில் திருநாவுக்கரசு கடைக்காரரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்க ஆபீஸ்ல சிவபிரகாஷ்னு ஒருத்தன். அவன் போனை விடப் பெருசா ஒண்ணு குடுங்க."

வந்தது ஆறு அங்குலப் போன். எந்தச் சட்டைப் பையிலும் அடங்கவில்லை. ருக்கு அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அரிசி புடைக்கலாம் போல இருக்கே."

"கட்டைவிரல் படாம பிடிடி! தேச்சா ஓடிடும்."

"முப்பது வருஷமா பக்கத்துல இருக்கேன், என்னை ஒரு நாள் இப்படிப் பூப்போலத் தொட்டதுண்டா?"

அவர் காதில் வாங்கவில்லை. கட்டைவிரல் பயிற்சியில் இருந்தார். தட்டச்சில் வளர்ந்த விரல். அழுத்தித்தான் பழக்கம், தடவிப் பழக்கமில்லை. அழுத்தினால் படம் நகரவில்லை. இன்னும் அழுத்தினால் ஒன்பது படம் தாண்டி ஓடியது. சாப்பாட்டு மேஜை விரிப்பு, நாற்காலிக் கை, ருக்குவின் தோள் என்று கண்ட இடத்திலெல்லாம் தடவிப் பழகினார். பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைத் தடவியதைப் பார்த்து ஒரு பெங்காலி அம்மாள் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த கண்டம், ஸ்லைடு திறக்கும் ஆப். போர்ட் பிளேர் நெட்டில் அதை இறக்குவதும், மரத்தடியில் உட்கார்ந்து தேங்காய் தானாக விழும்வரை பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்று. முதல் நாள் மூன்று சதவீதம் வந்தது. இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள், தொடர்பு அறுந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்றது. இந்தத் தீவுகளில் விவரம் தெரிந்தவர்கள் இதற்கெல்லாம் நெட்டை நம்புவதில்லை. மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வரும் யாரிடமாவது சொல்லி அனுப்புவார்கள். முன்பு புடவையும் பலகாரமும் சொல்லி அனுப்பிய மாதிரி.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ப்ரியங்காவுக்குப் போன் போட்டார்.

"அப்பா, உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்? லேப்டாப் நல்லாத்தானே இருக்கு?"

"லேப்டாப்புக்கு யாரும் எழுந்து நின்னு கை தட்ட மாட்டாங்கம்மா."

ப்ரியங்கா ஆப்பை ஒரு மெமரி கார்டில் போட்டு, கார்டை முறுக்கு டப்பாவில் போட்டு, டெய்ரி ஃபார்முக்கு வரும் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். அவர் வழியில் பசித்து டப்பாவைத் திறந்திருந்தார். முறுக்கு முடிந்திருந்தது; கார்டு, கடவுள் புண்ணியத்தில், கடிபடாமல் அடியில் எண்ணெயோடு கிடந்தது.

ஆப் ஏறியது. ஸ்லைடு திறந்தது. எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக நின்றன. 'நல்வரவு' இருந்த இடத்தில் ஐந்து சின்ன ஜன்னல்கள். 2006-இல் யாரோ ஏற்றித் தந்த எழுத்துரு, அது இந்தப் போனுக்குத் தெரியவில்லை.

சிவபிரகாஷிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவான். அதனாலேயே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி, கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு ஸ்லைடாக வைத்து, போனால் ஒவ்வொன்றையும் படம் பிடித்தார். தொண்ணூற்றிரண்டு படம். இனி எழுத்துருவும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். போட்டோக்களைத் தள்ளினால் போதும். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது. கண்ணாடித் திரையில் தன் உருவமும் சேர்ந்து பிடிபட்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை. இருபத்து மூன்றிலிருந்து நாற்பது வரை, அவருக்குப் பின்னால் அட்டெண்டர் அழகையா அறையைப் பெருக்கிக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

அழகையா நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். அப்பா காலத்தில் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து குடியேற்றிய குடும்பம். தோட்டத்துப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. டைரக்டர் அவருக்குப் 'பெரிய தொரை'. சூப்பிரண்டு 'சின்ன தொரை'. இந்த ஒரு காரணத்துக்காகவே திருநாவுக்கரசுக்கு அழகையாவைப் பிடிக்கும்.

எட்டாம் தேதி ஒத்திகை. ஒயர் இல்லாமல் படம் போக, புரொஜக்டரின் முதுகில் ஒரு சின்னக் கட்டையைச் செருக வேண்டுமாம். அது அலுவலகத்தில் சிவபிரகாஷிடம் மட்டும்தான் இருந்தது. காலையில் பார்த்தால் திருநாவுக்கரசின் மேஜைமேல் அது ஒரு காகிதத்தில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. காகிதத்தில், 'வைத்துக்கொள்ளுங்கள் சார்' என்று மட்டும்.

"பார்த்தியா அழகையா? பெருந்தன்மையாம். எவ்வளவு திமிரு!"

"திமிருங்களா தொரை?"

"பின்னே? எனக்கே பிச்சை போடறான்."

கட்டையைச் செருகினார். திரையில் தென்னங்கன்று தெரிந்தது. கட்டைவிரலைத் தள்ளினார், மாறியது. அறையின் குறுக்கே நடந்தபடி தள்ளினார், அப்போதும் மாறியது. திருநாவுக்கரசுக்குக் கண் கலங்கியது. முப்பத்தோராவது ஸ்லைடில், காண்டாமிருக வண்டு ஒழிப்பைப் பற்றி ஆரம்பித்தபோது, திரை கறுத்தது.

போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

நாளைக்கு இப்படி ஆனால்? கமிட்டி முன்னால், சிவபிரகாஷ் பார்த்துக்கொண்டிருக்க, முப்பத்தோராவது ஸ்லைடில் இருட்டில் நிற்பதா? சான்றிதழை அவன் தட்டிக்கொண்டு போய்விடுவானே!

முதலில் செங்கல் அளவுக்கு ஒரு பவர் பேங்க். அதை இடுப்பில் கட்ட, ருக்கு பழைய பேன்ட் துணியில் ஒரு பை தைத்தாள். "குழந்தையைக் கட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு," என்றாள். போனுக்குப் பயமில்லை. ஆனால் கரண்ட் போனால்? புரொஜக்டர் அணைந்துவிடும். ஜெனரேட்டர் இருக்கிறது, அதைக் கிளப்ப ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் ஒரு சிவபிரகாஷ் நுழைந்துவிடலாம்.

எதிர் டீக்கடையிலிருந்து ஓர் இன்வெர்ட்டரைக் கடனாக வாங்கினார். அதற்குப் பேட்டரி இல்லை.

"அழகையா, எங்கேயாவது ஒரு நல்ல பேட்டரி பாரு."

"எம்புட்டு நேரத்துக்குங்க தொரை?"

"ரெண்டு மணி நேரம். ஒரு வினாடி நிக்கக் கூடாது."

"ரெண்டு மணி நேரமுங்களா?"

"ஏன், குறைச்சலா?"

அழகையா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு வெளியே போனார். அரை மணியில் ஒரு பெரிய பேட்டரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எங்கிருந்து என்று திருநாவுக்கரசு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜனவரி ஒன்பது. விருந்தினர் மாளிகை ஜீப்புகள் ஏழு பேரை வாசலில் இறக்கிவிட்டுப் போயின. ஆறு பேரின் கால்சட்டைப் பையில் வெயில் கண்ணாடி. ஒருவர் ஏற்கெனவே கடற்கரைச் செருப்பில் இருந்தார். சேர்மன் உருண்டையான மனிதர், கையில் சுருட்டிய வைக்கோல் தொப்பி.

"போனில் காட்டப் போகிறீர்களாமே?" என்றார் சேர்மன் ஆவலோடு. "போன கமிட்டியில் என் நண்பர் இருந்தார். உங்களைப் பற்றி டெல்லி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்."

"அது வேற ஆள் சார். இன்னைக்கு அதைவிட நல்லா இருக்கும்," என்றார் திருநாவுக்கரசு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சிவபிரகாஷைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பதினொன்று நாற்பதுக்கு ஆரம்பித்தார். இடுப்பில் பவர் பேங்க், கையில் தாம்பாளம் போல் போன், கட்டைவிரல் தயாராக. நல்வரவு! சேர்மன் புன்னகைத்தார். ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எதையோ எதிர்பார்க்கும் முகங்கள். இப்படிப்பட்ட முகங்களை எட்டு வருடத்தில் திருநாவுக்கரசு பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது ஸ்லைடில் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. ஏழு பேரும் ஒரே மூச்சில் பாதி எழுந்தார்கள்.

திரை மட்டும் அசையவில்லை. தென்னங்கன்று ஜம்மென்று நின்றது.

"உட்காருங்க சார்!" என்று வெற்றிக் குரலில் கூவினார் திருநாவுக்கரசு. "எல்லா ஏற்பாடும் இருக்கு. உலகமே இருண்டாலும் இது நிக்காது."

ஏழு பேரும் மெல்ல உட்கார்ந்தார்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் விளக்கம் கேட்காது என்று அதைக் கிளப்பவும் அவர் விடவில்லை. விசிறி இல்லாத அறையில் ஸ்லைடுகள் தொடர்ந்தன.

இருபத்தெட்டாவதில் சேர்மன் கேட்டார், "தென்னைக்குப் பின்னால் நிற்பது யார்? பயனாளியா?"

"அது… நான்தான் சார்."

"துடைப்பத்தோடு இருப்பவர்?"

"அவர் சுகாதாரப் பிரிவு சார்."

நாற்பத்தேழில் விரல் வழுக்கி முப்பத்தெட்டுக்கு ஓடியது. விட்டுவிட மனமில்லை, வந்தது வந்துவிட்டது என்று அங்கிருந்தே மறுபடி விளக்கினார். ஒரு மணிக்கு ஓர் உறுப்பினர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "கவலைப்படாதீங்க சார், பேட்டரி எண்பது சதவீதம் இருக்கு," என்றார் திருநாவுக்கரசு. ஒன்றே காலுக்கு டைரக்டர் கழுத்தில் விரலை இழுத்துச் சைகை செய்தார். புழுக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, ஜன்னலைத் திறக்கச் சொன்னார். செருப்பு அணிந்தவர் தூங்கிவிட்டிருந்தார்.

ஒன்று நாற்பத்தைந்துக்குச் செம்பருத்தி வந்தது. நன்றி!

திருநாவுக்கரசு இரு கைகளையும் சற்றே விரித்து, கைதட்டலுக்காகக் கண்களை மூடினார்.

நாற்காலிகள் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. அழகையா கதவைத் திறந்தார். வெளிச்சம் பட்டுத் தூங்கியவர் விழித்து, "ஹேவ்லாக் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

ஏழு பேரும் ஓடினார்கள். ஜெட்டிக்குப் போக முந்தின நாளே நிறுத்திவைத்திருந்த இயக்ககத்தின் வேனில் ஏறினார்கள். டிரைவர் சாவியைத் திருகினார். வேன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி திருகினார். இறங்கிப் போய் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"தள்ளுங்க சாப்! தள்ளினா கிளம்பிடும்!"

வைக்கோல் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டுச் சேர்மன் தள்ளினார். ஏழு பேரும் தள்ளினார்கள். பின்னால் டைரக்டர் தள்ளினார். இடுப்பில் செங்கல் ஆட, திருநாவுக்கரசும் ஓடிவந்து ஒரு கை கொடுத்தார். இறக்கத்தில் வேன் இருமியபோது, ஃபீனிக்ஸ் பே ஜெட்டிப் பக்கமிருந்து போட்டின் ஊதல் நீளமாகக் கேட்டது. எல்லோரும் தள்ளுவதை நிறுத்தினார்கள்.

"அடுத்த போட் எப்போது?" என்றார் சேர்மன், மூச்சு வாங்க.

"நாளைக்குக் காலையில சார்," என்றார் டைரக்டர்.

ஏழு பேரும் கடல் பக்கம் பார்த்தார்கள். அந்த மௌனத்தை எப்படியாவது நல்லவிதமாக நிரப்ப வேண்டும் என்று திருநாவுக்கரசுக்குத் தோன்றியது.

"சார், நேரம் இருக்கறதால, முப்பத்தெட்டுலேர்ந்து நாற்பத்தேழு வரைக்கும் கொஞ்சம் அவசரமாப் போயிட்டேன்…"

சேர்மன் அவரைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்காமல் விடுகிறோம். பார்வையாளர் பதிவேட்டை நீட்டியபோது அவர் பேனாவைத் தொடவே இல்லை.

பன்னிரண்டாம் தேதி காலை டைரக்டர் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு போயிருந்தது; இனி அவர் முழுமையாகத் தீவுக்காரர்.

"சர்டிபிகேட்டுக்கு சிவபிரகாஷ் பேர் போகுது. பரிந்துரையை நீங்களே எழுதிக் கொண்டாங்க. மினிட்ஸ்ல அன்னைக்கு எழுதினதையே போட்டுடுங்க."

எழுதினார். 'கைபேசி வாயிலாக… ஒருமனதாகவும் உளமாரவும்…' என்று தன் கையாலேயே எழுதினார். முப்பது வருடத்தில் ஒரு பிழை விட்டதில்லை. இதிலும் விடவில்லை. டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு, யாரும் இல்லாத இடம் தேடி மாநாட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

அங்கே அழகையா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அழகையா, அன்னைக்கு அவன் காட்டினப்ப நீ உள்ளேதானே இருந்தே?"

"லைட்டு சுவிச்சுக்கிட்ட நின்னேனுங்க தொரை."

"உண்மையைச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். அதே ஸ்லைடு. அவன் போனைவிட என் போன் பெருசு. நான் நடந்துகிட்டே காட்டினேன், கரண்ட் போயும் நிறுத்தல, ஒரு ஸ்லைடு விடல." அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். "அவன் அப்படி என்னய்யா பண்ணினான், அவங்க எழுந்து நின்னு கை தட்ட?"

அழகையா சுருட்டிய ஒயரை மேஜைமேல் வைத்தார்.

"அந்தத் தம்பி ஒண்ணும் பண்ணலைங்க தொரை. நாலாவது படத்துலயே போன் செத்துப்போச்சுங்க. அதுக்குத்தான் கை தட்டினாங்க."